தூரம் இல்லை

12 மார்ச் 2025, புதன்

ஐஸ்வர்யா சென்னையிலிருந்து இந்த டைரியை கூரியரில் அனுப்பியிருக்கிறாள். ஐம்பது தாண்டிய பெண்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். தினமும் மூன்று தலைப்பில் எழுத வேண்டுமாம். மகள் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

உடம்பு: இருக்கிறது.
மனசு: தெரியவில்லை.
ஆன்மா: சத்துணவு மையத்தில் பிள்ளைகளுக்கு முட்டை போட்டு முடித்து, பதிவேட்டில் கையெழுத்து வைத்து வீட்டுக்கு வந்தேன். அதுவும் கூடவே வந்ததா என்று கவனிக்கவில்லை.

14 மார்ச்

சாம்பாரில் உப்பே இல்லை என்றார் இவர். அதற்கு முன்பே நான் அதே சாம்பாரில் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாயிற்று. எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

16 மார்ச், ஞாயிறு

பெருமாயி மதினி வந்திருந்தாள். இவருடைய அக்கா. எங்கள் தெருக் காளியம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதெல்லாம் அவள் பொறுப்பு.

"ஏட்டி சுகுணா, இந்த வருசம் நீதான் உள்ள இருந்து தண்ணி தெளிக்கணும். ஒனக்குத்தான் நின்னு ஒன்றரை வருசம் ஆச்சே. தூரம் தொடக்குன்னு ஒரு இடைஞ்சலும் கெடையாது."

கோவிலை ஒட்டிய இருட்டறையில் முளைப்பாரி வளரும். மாதவிடாய் வந்து தூரமாகிற பெண்கள் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து நான் வெளியே நின்று கும்மி அடித்ததோடு சரி. உள்ளே எப்படி இருக்கும் என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

சரி மதினி என்றேன். உள்ளே ஏதோ லேசாக அசைந்த மாதிரி இருந்தது. பசியாகவும் இருக்கலாம்.

18 மார்ச், செவ்வாய்

பாரி போட்டாயிற்று. கரிசல் மண்ணும் மாட்டுச்சாணத் தூளும் கலந்து சட்டிகளில் நிரப்பி, ஊறப்போட்ட பாசிப்பயறு, தட்டப்பயறு, சோளம் எல்லாம் தூவினோம். மதினி குலவை போட்டாள். எனக்கு நாக்கு எழும்பவில்லை.

எல்லோரும் போன பிறகு கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது. அங்கே யாரும் என் முகத்தைப் பார்த்து, ஏன் இப்படி இருக்கே என்று கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன சொல்ல? ஒரு துக்கமும் இல்லை. வீடு நன்றாக இருக்கிறது, இவர் தீப்பெட்டி ஆபீஸ் வேனை ஓட்டுகிறார், குடிக்கிறதில்லை, மகளுக்கு வேலை. பிறகு என்ன கேடு எனக்கு?

20 மார்ச்

வந்துவிட்டது.

காலையில் பாவாடையில் பார்த்தேன். ஒன்றரை வருஷம் கழித்து. மதினியிடம் சொன்னால் இன்றைக்கே வெளியே வர வேண்டும். இத்தனை வருஷத்தில் நம்பி ஒரு காரியம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் இல்லை என்றால் நான் எதற்கு?

சொல்லவில்லை. துணி வைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தேன். ஆத்தா, நீ என்ன பண்ணணுமோ பண்ணிக்கோ. எனக்கு ஏலாது.

22 மார்ச், சனி

பட்டுப்போகும் என்று நினைத்தேன். என் சட்டிதான் எல்லாவற்றிலும் உயரம். வெயில் படாத மஞ்சளில் நெருக்கமாக நிற்கிறது.

"கைராசிக்காரிட்டி நீ" என்று மதினி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, குற்றவுணர்ச்சியும் வரவில்லை. வீட்டுக்கு வந்து துணியை மாற்றினேன். விட்டு விட்டு ரத்தம் பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஐஸ்வர்யா போன் பண்ணினாள். "மூணு தலைப்புலயும் எழுதுதியாம்மா?" எழுதுதேன் என்றேன். தலைப்பையெல்லாம் விட்டு எத்தனை நாளாயிற்று.

24 மார்ச், திங்கள்

பள்ளிக்கூடத்தில் அரிசி மூட்டையைப் பிரிக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் வகுப்பு மெஹராஜ் டீச்சர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு நோன்பு. உதடு காய்ந்துபோய் இருந்தது, என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளிடம் எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"எத்தன வருசம் கழிச்சு வந்திருக்கு சுகுணாக்கா?"

"ஒன்றரை."

"அப்ப இது தூரமே இல்லக்கா. எங்கள்ல இதுக்குத் தனிச் சட்டமே இருக்கு. மாசாமாசம் வாறது வேற. நின்னதுக்கப்புறம் வந்தா அது நோவு. இதுக்கு நோன்பு வைக்கலாம், தொழலாம், ஒரு தடையும் கெடையாது. ஆனா டாக்டர்ட்டப் போகணும். எங்க சாச்சி, அதான் சித்தி, வெக்கப்பட்டுட்டு மறைச்சாவ."

"இப்ப எப்படி இருக்காவ?"

"இப்ப இல்லக்கா."

சாயந்திரம் முளைப்பாரி அறையில் மதினியிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி! சாமி வீட்டுக்குள்ளயா இப்படி இருந்த?"

"இது தூரம் இல்ல மதினி. நோவுன்னு டீச்சர் சொல்லுதாவ. டாக்டர்ட்டப் போகணுமாம்."

மதினி என் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, வெளிய போ."

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். எழுந்தேன்.

"வெளிய போயி செருப்ப மாட்டு. எந்தம்பி மணிராஜ வண்டிய எடுக்கச் சொல்லு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நாளைக்குக் கொடை மதினி. இங்கன யாரு பாப்பா?"

"கொடை வருசா வருசம் வரும். நோவுன்னு சொல்லிக்கிட்டு இங்கன செம்பப் புடிச்சிட்டு நிக்கியே, ஒனக்குக் கூறு இருக்கா? நடட்டி!"

திட்டிக்கொண்டே வேனில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

25 மார்ச்

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். இன்றைக்கு உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டரம்மா சத்தம் போட்டார். நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டுமாம். எல்லோரும் வயசுக் கோளாறு, தூரம் என்று விட்டுவிடுகிறார்களாம்.

என் முளைப்பாரியை மதினியே தலையில் சுமந்து போனாளாம். நான் வீட்டில் படுத்திருந்தேன். கொட்டுச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

3 ஏப்ரல்

ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுதான். ஆரம்பத்திலேயே பார்த்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா.

வேனில் ஏறியதும் இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தார். "வண்டிய எடுங்க, வீட்ல மாவு பொங்கிரும்" என்றேன். இப்படி ஒருத்தி பேசுவாளா? அந்த 'பெரும்பாலும்' மட்டும் காதிலேயே நிற்கிறது.

9 ஏப்ரல், புதன்

திருநெல்வேலி. நாளைக்குக் காலையில் ஆபரேஷன். ஐஸ்வர்யா லீவு போட்டு வந்திருக்கிறாள். கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரித்த சுளையை எனக்கும் தராமல், தானும் தின்னாமல், கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருக்குங்க" என்று வந்தது. மறுபடியும் சொன்னேன். இருக்கு. ரொம்ப இருக்கு. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஏங்கி ஏங்கி அழுதேன். இவர் பதறிப்போய் ஆரஞ்சைக் கீழே போட்டுவிட்டு நர்ஸைக் கூட்டிவர ஓடினார்.

நர்ஸ் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "என்னம்மா, எங்க வலிக்கி?"

"எங்கயும் வலிக்கல சிஸ்டர். எனக்குச் சாகப் பிடிக்கல."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.