புல்வெளிக்கு முடிவெட்டிய வெர்லின்

மார்ச் 8
இந்தச் சிறிய இயற்கைக் காப்பகத்துக்கு நான்தான் பொறுப்பு. ஏப்ரலில் சதுப்புப் புல்வெளியைக் கொளுத்தியே ஆகவேண்டும். காய்ந்த புல் எரிந்தால்தான் முட்புதர் சாகும்; இல்லையென்றால் ஓக் கன்றுகளை அது விழுங்கிவிடும். பக்கத்து வீட்டு வெர்லினிடம் இதைச் சொல்ல வேண்டும். புகை என்றால் அவருக்கு ஆகாது. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 12
சொல்லவில்லை. அவரே வேலியோரம் வந்தார். “என்ன மாரிட், உன் புல்லு தலை சீவாம நிக்குதே?”
சிரித்து வைத்தேன். இந்த விஸ்கான்சின் மாநிலத்தில் எவன் நேராகப் பேசினான்?

மார்ச் 19
மேடிசனில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தால்—ஐயோ! புல்வெளி மொட்டை! தரை உறைந்திருக்கும்போதே வெர்லின் டிராக்டரை இறக்கி, மொத்தத்தையும் வெட்டி, கட்டுக்கட்டி, தன் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்.
“நீ தனியா கஷ்டப்படறியேன்னுதான்” என்றார், பல்லெல்லாம் தெரிய.
நான் என்ன சொன்னேன்? நன்றி சொன்னேன். காபி கேக் வேறு சுட்டுக் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மார்ச் 21
அடக்க முடியவில்லை. போய்க் கத்திவிட்டேன். “உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா? நெருப்பு வைக்கப் புல்லு வேணும்! இனி எதைக் கொளுத்துறது, உங்க தொப்பியையா?”
அவர் முகம் செத்துப்போனது. “நெருப்பா? எங்கிட்ட ஏன் சொல்லல?”
ஏன் சொல்லவில்லை?

மார்ச் 27
எதிரே வண்டியில் வந்த வெர்லின், வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. இந்த ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. வருத்தமாக இருக்கிறது.

ஏப்ரல் 10
பனி உருகி முழங்கால் அளவு சேறு. டிராக்டர் இறங்காது. வெர்லின் பழைய பனிச்சறுக்கு வண்டியில் ஒவ்வொரு கட்டாக இழுத்து வந்து, பிரித்து, புல்வெளியில் உதறிக்கொண்டிருக்கிறார். ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. நானும் இறங்கினேன்.
“காயட்டும், கொளுத்து. நான் ஜன்னலைச் சாத்திக்கிறேன். பேசாம வேலையப் பாரு” என்றார்.

ஏப்ரல் 19
கொளுத்தினோம். இருமிக்கொண்டே கடைசிவரை நின்றார்.

ஜூன் 4
வெர்லின் வீட்டுப் புல்தரையில், எங்கள் வேலியை ஒட்டி ஒரு பட்டை மட்டும் வெட்டாமல் இடுப்புயரம் வளர்ந்து நிற்கிறது. என்ன விஷயம் என்று கேட்டேன்.
“மிஷின் ரிப்பேர்” என்றார்.
சொல்லும்போது அந்தப் புல்வெட்டும் மிஷின்மேல்தான் உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.