உன் பெயரில் வெந்த காலிஃபிளவர்

நேற்று மதியம் அலுவலகச் சமையலறையில் காலிஃபிளவர் வெந்த வாடை. அதற்கு மேல் பட்டையும் கிராம்பும். பொதுக் கழிவறையில் வாசனைத் திரவம் தெளித்த மாதிரி இருந்தது. மேசை அருகே போய்ப் பார்த்தேன். காகிதம் போன்ற மாவுக்குள் வெளிறிய கோழி நெஞ்சுக்கறியும் காலிஃபிளவரும் அடுக்கியிருந்தார்கள். முன்னால் ஓர் அட்டை. அதில் உன் பெயர். பெயரை ஒட்டி ‘மீட் பை, லைட்’.

நீ போய் அரை வருடம் தாண்டிவிட்டது. நீ வேலை பார்த்த இந்த அலுவலகத்தில் உன்னைப் பற்றி மிஞ்சியிருப்பது ஒரே பேச்சு: குண்டாக இருந்தாள், கண்டதைத் தின்றாள், போய்விட்டாள். இளவயதில் ஒருத்தி செத்தால் இவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அது தங்களைத் தொடாத காரணமாகவும் இருக்க வேண்டும். உன் இடுப்பளவு வசதியாகப் போயிற்று.

கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊருக்கு ஒரு பருவம் படிக்கப் போன நீ, திரும்பும்போது கற்றுக்கொண்டு வந்தது கறியை மாவுக்குள் அடைத்துச் சுடும் அந்த மீட் பையைத்தான். அங்கே பன்றியும் முயலும் மானும் போடுவார்களாம். நீ ஆடு, கோழி, வாத்து என்று மாற்றினாய். தேக்கா சந்தையில் கறிக்கடைக்காரர் கேட்டார்.

“பிரியாணிக்காம்மா?”

“ஆமாண்ணே. கனடாக்காரன் பிரியாணி. அரிசி போட மறந்துட்டான்.”

அவர் சிரித்த சிரிப்பில் எலும்பு கொஞ்சம் கூடவே விழுந்தது. நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் பட்டம் வாங்கப் போனவள் நான். பல்கலைக்கழகம் போயும் ஒரு காப்பி கேட்டு வாங்க வாய் வராதவள். எனக்கும் சேர்த்து நீயே கேட்டு வாங்கிவிடுவாய்.

மார்சிலிங்கில் உங்கள் வீட்டு அடுப்படியில்தான் அது உருவாகும். கறியை வெங்காயத்தோடும் பட்டை கிராம்போடும் இரவெல்லாம் ஊறவைப்பாய். அடிகனமான பாத்திரத்தில் கறி, உருளைக்கிழங்கு, மாவு என்று மாறிமாறி அடுக்கி, மேல்மாவில் ஒரு துளையிட்டு எலும்புச் சாறு ஊற்றுவாய். காலையில் ஓவனுக்குள் போனால் மாலையில்தான் வெளியே வரும். உள்மாவு மொறுமொறுக்காது, சாறு குடித்து, உன் உம்மா கறிக்குழம்பில் வேகவைக்கும் தக்கடி உருண்டை போல வழுவழுவென்று இருக்கும்.

உன்னைப் பெற்ற அத்தாவுக்கு இருதய அறுவை முடிந்து, கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அப்போது நீயும் ஓர் இலேசான மீட் பை செய்தாய். வாத்தைத் தவிர்த்தாய். ஆட்டுத் தொடையில் வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் சீவி எடுத்தாய். எலும்புச் சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்து, மேலே உறைந்ததை மறுநாள் தகடு தகடாக அள்ளிப் போட்டாய். உள்ளடுக்கு மாவுகளை நீக்கி, மேல்மூடி ஒன்றை மட்டும் வைத்தாய். சீக்கிரம் முடித்துவிடலாமே என்றேன். “கொழுப்பத்தான் டாக்டர் குறைக்கச் சொன்னாரு, என் வேலைய இல்லடி” என்றாய்.

அத்தா இரண்டாம் முறை தட்டை நீட்டினார். “ருசியா இருக்கே புள்ள. டாக்டர்கிட்ட சொல்லிராதே, நிறுத்திப்புடுவாரு.”

எங்கள் குழுத்தலைவி வனிதாவுக்கு, அலுவலகத்தின் உடல்நல வாரத்தில் உன் நினைவாக எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. என்னிடம் செய்முறை கேட்டார். அத்தாவுக்குச் செய்ததைச் சொன்னேன்.

“ஒரு நாள் முழுக்கவா? யாருக்கு டைம் இருக்கு லா! ஏர்ஃப்ரையர்ல போட்டா அரை மணி நேரம். உருளைக்கிழங்கு வேணாம், எல்லாம் கார்ப். மட்டன் வேணவே வேணாம்.”

ஆட்டுக்கறி இல்லை, கிழங்கு இல்லை, சாறு இல்லை, பொறுமை இல்லை. உன் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

நேற்று வனிதா அதை மைக் பிடித்து அறிமுகப்படுத்தினார். அத்தாவையும் அழைத்திருந்தார்கள், முன்வரிசையில் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“அவ கொஞ்சம் முன்னாடியே இப்படிச் சாப்பிட ஆரம்பிச்சிருந்தா, இன்னைக்கு நம்ம கூட இருந்திருப்பா, இல்லையா?”

தலைகள் ஆடின. ஒப்பந்தம் போட்டதுபோல ஒன்றாக ஆடின. அவற்றோடு அத்தாவின் தலையும் மெல்ல ஆடியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன்.

“அக்கா, அவ மூளையில ரத்தக்குழாய் பிறவியிலேயே தப்பா பின்னியிருந்துச்சு. அது வெடிச்சிருச்சு. சாப்பாடு காரணமே இல்லன்னு டாக்டர் சொன்னப்ப நான் பக்கத்துல நின்னேன். அந்த கார்டை எடுங்க.”

“அய்யோ, சென்சிட்டிவ் ஆகாதம்மா. நல்ல எண்ணத்துலதான் சொன்னேன் லா.”

“உங்க எண்ணத்துக்கு உங்க பேரைப் போடுங்க.”

அட்டையை நானே எடுத்தேன். நல்ல எண்ணமாம். செத்தவளையும் எடைக்கருவியில் ஏற்றிப் பார்க்கிற நல்ல எண்ணம். யாரோ ஒருவர் அந்தக் காலிஃபிளவரை மென்றுகொண்டே இருந்தார்.

அத்தாவை வீடு வரை கொண்டுபோய் விட்டேன். ரயில் உட்லண்ட்ஸை நெருங்கும்போது கேட்டார்.

“சாப்பாடு காரணம் இல்லன்னியே, நெசமாம்மா? மிச்சம் இருந்தா நான்தானே அவளுக்கு அள்ளி அள்ளி வெப்பேன்.”

மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை அன்றே அவருக்குத் தமிழில் சொல்லியிருந்தேன். அப்போது தலையாட்டினார். ஆனால் துக்கம் கேட்க வந்த ஒவ்வொரு வாயும் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையை அந்த வீட்டில் விட்டுப் போயிருக்கிறது. அத்தனை வார்த்தைகளுக்கும் நடுவே நான் சொன்னது அவர் காதில் தங்கவில்லை. வனிதா அந்த வாய்களில் ஒன்று. அதற்கு முன்னால் மைக் இருந்தது, அவ்வளவுதான்.

“நெசந்தான் அத்தா. சாப்பாடு இல்ல. நீங்களும் இல்ல.”

வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். இன்று காலையும் தொலைபேசியில் அழைத்து, வேறு எதையோ பேசிவிட்டு, கடைசியில் அதையே கேட்டார். உன் பொருட்டு என்னிடம் இருப்பது இப்போது இந்தப் பதில்தான். அவர் கேட்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.