பெயர் எழுதாத கேன்

இன்றைக்குக் காலையில் கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை மச்சான், ஒருவன் ஸ்கூட்டரில் வெள்ளைக் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். கழுத்தில் டை, கையில் விளம்பரக் காகிதம். கார் மேல் படியும் உப்புக்கறைக்குப் புதுச் சரக்கு வந்திருக்கிறதாம். தேய்க்கவே வேண்டாமாம், தொட்டு வைத்தால் போதுமாம். சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினான். மூக்கின் உள்பக்கம் சுருக்கென்று ஏறியது. ஆறு வருஷத்துக்குப் பிறகு, தட்டாஞ்சாவடியில் அதே ஷெட்டில், அதே புங்க மரத்தடியில் அதே நெடி.

இதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். பேரெல்லாம் எதுக்கு சார், வேலை செய்யுதான்னு பாருங்க என்றான். நான் கத்திய கத்தலில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவன் கேனை மறுபடி கட்டக்கூட நேரமில்லாமல் கால் நடுவே வைத்துக்கொண்டு ஓட்டிப் போய்விட்டான். பாவம், அவன் என்ன செய்வான். அந்தக் கத்தல் ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் எனக்கே கத்தியிருக்க வேண்டியது.

"பேரு இல்லாத சரக்கு எனக்கு வேணாம்டா." நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். மில்லில் நான் தறி, நீ சாயப் பிரிவு. அங்கே ஒவ்வொரு பீப்பாயிலும் பெயிண்டால் பெயர் எழுதியிருக்கும், பெயர் அழிந்து போனால் மேஸ்திரி அதைத் தொடவே விடமாட்டார் என்பாய். மில் வேலை போன பிறகு நாம் இருவரும் சேர்ந்து இந்த வாட்டர் சர்வீஸைப் போட்டபோதும் அந்தப் பழக்கத்தை நீ விடவில்லை. ஷாம்பு டப்பாவில் ஷாம்பு என்று எழுதுவாய். வினிகர் பாட்டிலில் வினிகர் என்று எழுதுவாய். தண்ணீர் வாளியில் தண்ணீர் என்று எழுதேன்டா, சாயப் பட்டறை வாத்தியாரே என்று நான் கிண்டல் செய்வேன். நீ சிரித்துக்கொண்டே அடுத்த டப்பாவை எடுப்பாய்.

நீ வண்டி கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிற்கும் வண்டியைக் கையால் தொடமாட்டாய். நிழலில் தள்ளி வைத்து, தகரம் ஆறுகிற வரைக்கும் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பிறகு கூரையில் இருந்து கீழே வரைக்கும் வெறும் தண்ணீர். மண் எல்லாம் இறங்கின பிறகுதான் துணி. துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அந்தத் துணிக்கு லீவு, அதில் ஒட்டின ஒரு மணல் போதும் கோடு போட என்பாய். காக்கா எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டமாட்டாய், ஈரத்துணியை மேலே போட்டு ஊற விடுவாய். கடைசியில் பழைய காட்டன் வேட்டியால், ஒரு சொட்டு காய்வதற்குள் துடைத்து முடிப்பாய். நீ ஒரு வண்டி முடிப்பதற்குள் நான் மூன்று வண்டி முடிப்பேன். நான் முடித்த வண்டிகளில் பாதி மறுவாரம் உன்னைத் தேடித்தான் வரும்.

ஒரு தடவை பாத்திரம் தேய்க்கிற பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஒரு சிவப்பு வேனைக் கழுவினேன், நினைவிருக்கிறதா? அழுக்கோடு பளபளப்பும் சேர்ந்து போய்விட்டது. வண்டிக்காரர் வந்து நின்றபோது நீ முன்னால் போய், நான்தான் பாலிஷைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லி, அவரிடம் ஏச்சு வாங்கி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கையால் வாக்ஸ் தேய்த்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பதிலாக நீ சொன்ன முதல் பொய் அது. அப்போதே உன்னை நான் இரண்டு அறை விட்டிருக்க வேண்டும்.

நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி மேல் பட்டு வெயிலில் காய்ந்தால் பொட்டுப் பொட்டாக வெள்ளையாக நிற்கும். கண்ணாடியில் நின்றால் அசையவே அசையாது. உன் வைத்தியம் வினிகர். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துக் கறை மேல் ஒட்டி, ஊற வைத்து, எடுத்து, மறுபடி ஒட்டி, இரண்டு நாள் ஆகும். என்னால் அந்த இரண்டு நாளைப் பொறுக்க முடியவில்லை. சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் அந்தக் கேனை வாங்கி வந்தேன். மேலே ஒரு எழுத்து கிடையாது. கடைக்காரர் கண்ணாடி ஆசிட் என்றார், ஒன்றுக்கு இருபது தண்ணீர் கலக்கச் சொன்னார், அவ்வளவுதான். நீ அதைப் பார்த்ததுமே ஷெட்டின் மூலையில் தள்ளி வைத்துவிட்டாய். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது.

பிறகு சொல்தா வீட்டுக் கறுப்புக் கார் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிற பெரியவர். பிள்ளை பாரீசிலிருந்து வந்திருந்தான், மறுநாள் கோவிலில் கல்யாணம். தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற போர் தண்ணீர் மாசக் கணக்கில் தெளித்து, கண்ணாடி எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. நீ சுற்றி வந்து பார்த்துவிட்டு ரெண்டு நாள் ஆகும் என்றாய். நான் உன்னைத் தாண்டிப் போய், மத்தியானம் மூன்று மணிக்கு வண்டி வாசலில் நிற்கும் மெஸ்ஸியே என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு நான் மூலையில் இருந்த கேனை எடுத்தேன். வேண்டாம் என்று நீ சொன்னாய். வாக்குக் கொடுத்தாச்சு என்று நான் சொன்னேன். அப்புறம் என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாய். முதல் நாள் தகரம் கிழித்த காயம்.

"ஒங் கையில வெட்டு இருக்குது. தள்ளு, நான் ஊத்துறேன்."

சாய்க்கும்போது மூடி கையோடு வந்துவிட்டது. இடது தொடை முழுக்க. ஹோஸைப் பிடித்துக் கொஞ்ச நேரம் தண்ணீர் அடித்துக்கொண்டாய். எரியுதா என்று கேட்டேன். எரியக்கூட இல்லடா என்று நீயே ஆச்சரியமாகச் சொன்னாய். அப்படியென்றால் கண்ணாடியை முடித்துவிடு என்று சொன்னேன். ஆமாம் மச்சான், அதைத்தான் சொன்னேன். அந்த ஈரப் பேண்டோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீ வேலை பார்த்தாய். கண்ணாடி புதுசு மாதிரி வந்தது. நான் சந்தோஷப்பட்டேன்.

வலி அதன் பிறகுதான் வந்தது. நீ காரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பேண்டை இறக்கிப் பார்த்தால் தோல் வெள்ளையாக, வெந்த முட்டை மாதிரி இருந்தது. மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் ஒரு ஆபீசர் வந்து, கழிவுத் தண்ணீர் சாக்கடையில் போகிறது, இன்னும் ஏதாவது கண்ணில் பட்டால் சீல் வைத்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போயிருந்தார். என் தலையில் அது ஒன்றுதான் ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது, கேட்டா சுடுதண்ணின்னு சொல்லிக்கலாம்டா என்றேன். இஞ்சின் பிசுக்கைக் கழுவ நாம் டிரம்மில் தண்ணீர் காய வைப்பது உண்டுதானே. நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

அந்த டாக்டரம்மா மேல் துளி தப்பில்லை. மூன்று தடவை கேட்டார். முதல் தடவை என்னிடம். சுடுதண்ணி என்றேன். தொடையைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். "சுடுதண்ணின்னா செவந்து கொப்பளிக்கும். இது வெளுத்துக் கெடக்குதே. ஏதாச்சும் கெமிக்கலா?" இல்ல மேடம், சுடுதண்ணிதான் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை விட்டுவிட்டு உன் பக்கம் குனிந்தார். "நீங்க சொல்லுங்க. சுடுதண்ணிதானா?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாய்.

வெந்த புண்ணுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். சாயங்காலம் உன் கைவிரல்கள் தானாக இழுத்துக்கொள்ள ஆரம்பித்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் இதயம் நின்றுவிட்டது. சுடுதண்ணீர் கொட்டிய அதிர்ச்சியில் மாரடைப்பு என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. அதை ஊருக்குச் சொன்னது நான்தான்.

மூன்று மாசம் கழித்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆசிட் ஊற்றிக் கண்ணாடியில் பூ வரைகிற பட்டறை வைத்திருப்பவர் வேன் கழுவ வந்தார். மூலையில் கிடந்த கேனை முகர்ந்து பார்த்ததும் நாலு அடி தள்ளிப் போனார். ஹைட்ரோஃபுளோரிக் என்று அவர்தான் சொன்னார். உன்னைக் கொன்றதன் பெயரை அன்றைக்குத்தான் நான் முதல் தடவை கேட்டேன். சுண்ணாம்பை எங்கே கண்டாலும் அது தின்னுமாம். கண்ணாடியில் இருந்ததைத் தின்ற மாதிரியே தோலுக்குள் இறங்கி ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் தின்னுமாம். அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "இதுக்குன்னே கால்சியம் மருந்து இருக்குதுங்க. தடவுவாங்க, ஊசி போடுவாங்க. பொழச்சவங்களை நான் பாத்திருக்கேன். என்ன கொட்டுச்சுன்னு டாக்டருக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

கண்ணாடி ஆசிட். இரண்டு வார்த்தை. எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். ஆபீசர் சீல் வைத்திருப்பார், நாம் வேறு வேலை பார்த்திருப்போம்.

அதன் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முத்தியால்பேட்டைக்கு, உன் வீட்டுக்குப் போவேன். உன் பெண்டாட்டி, என்னை அண்ணே என்று கூப்பிடுகிற தங்கச்சி, டீ கொடுக்கும். உன் பெண் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டும். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ போன மறுவாரமே உன் பெண்டாட்டி குளிக்கத் தண்ணீர் காய வைக்கிற தவலையைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் வெந்நீரில் குளித்ததில்லை. மார்கழிக் குளிரில் குழந்தை இருமிக்கொண்டே பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும். டீ கொதிக்கும்போதுகூட தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கும். ஒரு தடவை, புள்ளைக்காவது சுட வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவரைக் கொண்டுபோனது எனக்கு வேணாம்ண்ணே."

அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடித்து முடித்தேன். என்ன ஜென்மம் பார் நான்.

இன்றைக்கு அந்த விற்பனைக்காரன் போன பிறகு ஷெட்டைப் பூட்டினேன். நேராக முத்தியால்பேட்டை. பள்ளிக்கூடம் லீவு, குழந்தை வீட்டில் இருந்தது. தங்கச்சி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. உட்காருங்கண்ணே என்றது. உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேன், வாக்கு, ஈரப் பேண்ட், ஆபீசர், சுடுதண்ணி, பூப்போடுகிறவர் சொன்ன மருந்து. கையில் இருந்த கீரைத் தண்டு அப்படியே நின்றுவிட்டது. முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டது.

"நீங்க அப்படிச் சொன்னப்ப அவரு முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரா?"

ஆமாம் என்றேன்.

"ஒன்னும் சொல்லலியா?"

சுடுதண்ணிதான் என்று தலையை ஆட்டினான் என்றேன்.

அது என்னைத் திட்டும், அடிக்கும், தெருவைக் கூட்டும் என்று நினைத்துத்தான் போனேன். அதில் எதுவும் நடக்கவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனது. தவலையை நிமிர்த்துகிற சத்தம் கேட்டது. உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்ததைக் கையாலேயே வழித்துப் போட்டுவிட்டுக் குழந்தையைக் கூப்பிட்டது.

"இதத் தேச்சிக் கழுவிக் கொண்டா. தண்ணி காய வைக்கணும்."

பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னது.

"நீங்க கெளம்புங்க."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது ஷெட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சுற்றி எல்லா டப்பாவிலும் பெயர் இருக்கிறது, தண்ணீர் வாளியில்கூட எழுதி வைத்திருக்கிறேன், பார்த்தால் நீ சிரிப்பாய். அந்தப் பழைய கேனைப் பூப்போடுகிறவர் அப்போதே எடுத்துப் போய்விட்டார். நீ விட்டுப்போன வினிகர் முறைதான் இங்கே இன்றைக்கும், அவசரக்காரர்களுக்கு வேறு கடை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

நான் பொய் சொன்னது பயத்தில். அது எனக்குத் தெரியும், இன்றைக்குத் தங்கச்சிக்கும் தெரிந்துவிட்டது. நீ ஏன்டா தலையாட்டினாய்? வலி உனக்கு, உயிர் உனக்கு. அந்த அம்மா உன்னைத்தானே கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆட்டினாய். என் முகத்தில் அப்படி என்ன தெரிந்தது? தினமும் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியையும் துடைத்து முடித்ததும் குனிந்து என் முகத்தைப் பார்க்கிறேன். நீ உயிரைக் கொடுக்கிற அளவுக்கு அதில் எதுவும் இல்லை மச்சான்.