பன்னிரண்டாம் தட்டின் எறும்புகள்

மார்ச் 3, திங்கள்

கல்லூரியின் விலங்கியல் துறையிலிருந்து நம் கல்லூரி மரப்பட்டறைக்குப் புது வேலை. பன்னிரண்டு மரத் தட்டுகள், இரண்டடிக்கு இரண்டடி. அடிப்பலகை வழவழவென்று இருக்க வேண்டுமாம். கேட்டு வந்தது ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் டேப் சுற்றியிருந்தது. எதற்கு என்றேன். "எறும்புச் சண்டைக்குக்கா" என்றாள், காய்கறி வைக்க என்பதுபோல.

ஒரு பக்கம் பெரிய கறுப்பு எறும்பு இருபது, எதிரே சின்னப் பழுப்பு எறும்பு இருநூறு, நடுவில் சர்க்கரைத் தண்ணீர். வெளியிலிருந்து வந்த சின்னது, இங்கேயே இருந்த பெரியதை எப்படி விரட்டுகிறது என்று பார்க்கிறாளாம்.

என் கணவரிடம் சொன்னேன். "எறும்புக்குக் கோதா கட்டுற தச்சர் உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார்.

மார்ச் 14

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதுக்குப் பலகை இல்லை. மூலையில் ஒரு பழைய பலகை கிடந்தது. அதில் வரிவரியாகக் காடிப் பள்ளம் வெட்டியிருந்தது, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம். பட்டிப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டேன். எறும்புக்கு என்ன தெரியப்போகிறது?

மார்ச் 17

பட்டறை மேஸ்திரி எல்லாத் தட்டையும் தடவிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 16

அந்த ஆராய்ச்சிப் பெண்ணின் அறைக் கதவுக்குக் கீல் மாற்றப் போனேன். கால் மணி நேர வேலை. இருந்தது ஒன்றரை மணி நேரம்.

பெரியதற்குத் தாடை இடுக்கி மாதிரி. ஒன்றுக்கு ஒன்று நின்றால் சின்னது தாங்காது. ஆனால் ஒவ்வொன்றாகவா வருகின்றன? காலுக்கு ஒன்று, மீசைக்கு ஒன்று என்று சுற்றி வளைத்துப் பிடித்து இழுக்கின்றன. இருபதும் காலி.

"எல்லாத் தட்டுலயும் இப்படித்தானா?"

"பன்னிரண்டத் தவிர. அதுல மட்டும் பெருசு ஜெயிக்குதுக்கா. எறும்ப மூணு தடவ மாத்திப் பாத்துட்டேன். பேராசிரியர் அந்தத் தட்டையே விட்டுடுன்றார்."

எட்டிப் பார்த்தேன். ஈரப் பஞ்சு வைத்து வைத்துப் பட்டி ஊறி உதிர்ந்திருந்தது. காடிகளெல்லாம் வெளியே.

"கோடு கோடா இருக்கே" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"ஆமாக்கா. ஆனா தீனி, எண்ணிக்கை எல்லாம் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

கீலை மாட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17

சொல்லலாமா? மேஸ்திரிக்குத் தெரிஞ்சா? அடுத்த மாசம் என் ஒப்பந்தத்தப் புதுப்பிக்கணும். பேசாம இரு.

ஆனா அந்தக் காடியில பெருசு எப்படி ஜெயிக்குது? அதுதான் மண்டையக் குடையுது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து காலையெல்லாம் பார்த்தேன். சிமெண்ட் நடைபாதை முழுக்கச் சின்ன எறும்பு. கல்லும் சருகும் கிடக்கும் சுவரோரத்தில் மட்டும் பெரியவை. செங்கல் இடுக்கில் ஒரு பெரியது தலையை மட்டும் நீட்டி நின்றது. சின்னவை கூட்டமாகத்தான் வந்தன. நெருங்க முடிந்தது ஒவ்வொன்றாக. வந்த ஒவ்வொன்றையும் அது நறுக்கிப் போட்டது.

சுற்றி வளைக்க இடமில்லை. அட, அவ்வளவுதானா?

ஏப்ரல் 21

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். "அந்தத் தட்டு நான் ஏமாத்திக் குடுத்ததும்மா."

அவள் அந்தத் தட்டை எடுத்து, காடியில் விரலை ஓட்டினாள். பிறகு, "எறும்புக்கு நோயோன்னு நெனச்சு மூணு வாரமா அலைஞ்சேன்க்கா" என்றாள். அக்கா என்றுதான் சொன்னாள்; குரல்தான் வேறாக இருந்தது. என்னால் நிமிர முடியவில்லை.

செங்கல் இடுக்கைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்போ காடி இன்னும் அகலமா இருந்தா?"

"அதான் எனக்கும் தெரியலம்மா."

ஏப்ரல் 22

மேஸ்திரியிடமும் நானே சொன்னேன். "உன் வேலைன்னா இனிமே கவுத்துப் போட்டுப் பாக்கணுமா நான்?" என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். திட்டியிருக்கலாம்.

மே 2

சாப்பாட்டு நேரத்தில் அவளுக்காக நாலு தட்டு செய்தேன். காடி குறுகலாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, அகலமாக ஒன்று. நாலாவது வழவழ.

மே 19

தட்டுக்கு ஐந்து சண்டை. குறுகலில் ஐந்திலும் ஜெயித்தது பெரியது. அகலத்திலும் வழவழப்பிலும் சின்னது. நடுத்தரத்தில் பெரியது மூன்று, சின்னது இரண்டு! இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

"எறும்பு அதேதான். தரைதான் முடிவு பண்ணுது போல" என்றேன்.

"அஞ்சு தடவ பத்தாதுக்கா. இன்னும் முப்பது பாக்கணும்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மே 30

ஒப்பந்தம் இந்தத் தடவை ஒரு வருடத்துக்கு அல்ல, ஆறு மாதத்துக்கு. சரிதான்.

ஜூன் 12

வீட்டு ஓனர் ஆட்களோடு வந்தார். பின்புறம் முழுக்கச் சிமெண்ட் போடப்போகிறாராம், சுத்தமாக இருக்குமாம். சுவரோரம் இரண்டடியை மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன்.

"பூச்செடி வைக்கவா?"

"இல்லீங்க. அந்தக் கல்லும் சருகும் அப்படியே கெடக்கட்டும்."

அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். கணவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "விட்டுடுங்க சார். அவ வேலை விஷயம்" என்றார்.