நோம்களை நீக்கிவிட்ட புத்தகம்

இன்று காலை கனடாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உன் பெயரும் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை விலாசமும் உன் அண்ணாவின் கையெழுத்தில் இருந்தன. கடல்வழியாக வந்ததால் மூன்று மாதம் எடுத்திருக்கிறது. நீ இறந்துவிட்டாய் என்று அவர் எங்கள் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லி ஏழு வாரமாகிறது. பார்சல் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. நீ இருந்த வன்னிக்குத் தபால் போகாது, நீ வரும்வரை நான் வைத்திருப்பேன் என்று நினைத்திருப்பார்.

பிரித்தேன். நம் விளையாட்டின் விதிப்புத்தகம், புதிய பதிப்பு. வழுவழுத்த தாளில் மை வாசம். வழக்கம்போல முதலில் பாத்திரங்களைத் தெரிவுசெய்யும் அத்தியாயத்துக்குத்தான் போனேன். எந்த இனத்தில் பிறக்கலாம், என்ன தொழில் செய்யலாம் என்ற பட்டியலை இரண்டு தரம் பார்த்தேன். இதில் நோம் இல்லை. நிலத்துக்குக் கீழே வளை தோண்டி வாழும் அந்தச் சின்ன மனிதர்களை எடுத்துவிட்டு, நாகமுகம் கொண்ட புது இனம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் இதற்கே ஒரு கிழமை சண்டை பிடித்திருப்பாய்.

நீங்கள் கிளிநொச்சியிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கை மூலையிலிருந்த லொட்ஜில் தங்கியபோது நம் இருவருக்கும் பதினான்கு வயது. நீயும் உன் அம்மாவும் கனடா விசாவுக்காகக் காத்திருந்தீர்கள். பொழுதுபோக அண்ணா அனுப்பிய இரண்டு புத்தகங்களைக் கணக்கு ரியூஷனுக்குக் கொண்டுவந்தாய். ஒன்று அட்டை கிழிந்த பழைய பதிப்பு, மற்றது அதற்குப் பின் வந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர் ஒரு பாத்திரமாகித் தாயக்கட்டை உருட்டி விளையாட வேண்டும். இங்கிலீஷ் நன்றாக வாசிப்பேன் என்பதால் கதை நடத்துபவள் நானானேன்.

"எனக்கு நோம்தான் வேணும். பங்கருக்குள்ள இருந்து நல்ல பழக்கம்," என்றாய். லொட்ஜ் அறைக் கட்டிலில் இருந்த உன் அம்மா சிரித்தார். அந்த நோம் காயங்களை ஆற்றும் பூசாரியாக இருக்க வேண்டும் என்றும் கேட்டாய்.

"பழைய புத்தகத்தில ஏலாது. நோமாப் பிறந்தா மாயக்காட்சி காட்டலாம், களவெடுக்கலாம். பூசாரியாகேலாது," என்றேன்.

"மற்றதில யாரும் எதுவும் ஆகலாம் எண்டு போட்டிருக்கே."

"ரெண்டையும் கலக்கக் கூடாது. பழசிலதானே தொடங்கினனாங்கள். அதின்ர விதிதான்."

"உன்ர புத்தகம் செக்பொயின்ற் ஆமிக்காரன் மாதிரி. எங்க பிறந்தனீ எண்டுதான் முதல் கேள்வி."

சிரித்தேனே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று நாள் கோபித்திருந்துவிட்டு, மாயக்காட்சிக்காரியாக வந்து சேர்ந்தாய்.

உங்கள் விசா ஒருமுறை மறுக்கப்பட்டது. மறுபடி விண்ணப்பித்தீர்கள். அந்த மாதம் லொட்ஜில் இருப்பவர்கள் எல்லோரும் திரும்பவும் பொலிஸில் பதிய வேண்டும் என்று படிவங்கள் வந்தன. சிங்களப் படிவம். பள்ளியில் சிங்களம் படித்தவள் என்று நானே நிரப்பினேன். தங்கியிருப்பதற்கான காரணம் என்ற கட்டம் வந்தது.

"மருத்துவம் எண்டு போடு. மேல்மாடி அன்ரியும் அப்பிடித்தான் போட்டவ," என்றாய்.

"பொய் எழுதினா பிறகு ஆஸ்பத்திரித் துண்டு கேப்பினம். உள்ளதை எழுதுவம்."

உன் அம்மா என் பக்கம் நின்றார். "அவ படிக்கிற பிள்ளை. அவ சொல்லுறபடி செய்வம்."

விசா மறுக்கப்பட்டது, மீண்டும் விண்ணப்பித்திருக்கிறோம் என்று அழகாக எழுதினேன். என் எழுத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று கிழமை கழித்து, பள்ளிக்கு வெளிக்கிடும் நேரத்தில் லொட்ஜ் வாசலில் பஸ்கள் நின்றன. தகுந்த காரணம் இல்லாமல் தங்கியிருப்பவர்களை ஊருக்கு அனுப்புகிறார்களாம். சீருடையோடு ஓடினேன். நீ பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் இருந்தாய். கீழே நின்ற பொலிஸ்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் சேர்த்துச் சொன்னேன்: இவள் என் சிநேகிதி, எங்கள் வீட்டில் இருக்கட்டும், அப்பா கையெழுத்துப் போடுவார். அப்பா எனக்குப் பின்னால்தான் நின்றார். தன் அடையாள அட்டையைக் கையில் பிடித்திருந்தார், முன்னுக்கு வரவில்லை.

"நங்கி, இஸ்கோலெ யன்ன," என்று பொலிஸ்காரர் என்னைப் பள்ளிக்குப் போகச் சொன்னார். அதட்டவில்லை. அவர் கையிலிருந்த பட்டியலைத் தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன். பெயர்கள் மட்டுமே இருந்தன. காரணங்கள் இல்லை.

"அழாதையடி, மூக்கு வழியுது," என்றாய் ஜன்னலால். "நான் வரேக்குள்ள என்ர நோமைப் பூசாரியாக்கி வை."

அன்றைக்கே உன் பாத்திரத் தாளில் அழித்து மாற்றினேன். வவுனியாவிலிருந்து ஒருமுறை பேசினாய். அங்கே தங்க இடமில்லை, வீட்டுக்கே போகிறோம் என்றாய். பிறகு வன்னிப் பாதையை மூடிவிட்டார்கள். ஷெல் விழுந்தது என்பதற்கு மேல் உன் அண்ணாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மா எங்கே என்றும் தெரியவில்லை.

மருத்துவம் என்று எழுதிய மேல்மாடி அன்ரியும் அதே பஸ்ஸில்தான் போனார். அப்பா இதை அடிக்கடி எனக்குச் சொல்லுவார். ஆனால் மருத்துவம் என்றே எழுதிய கீழ்மாடிக் குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பதுகூடத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

லொட்ஜுக்குப் புதிதாக வருபவர்கள் இப்போதும் படிவத்தோடு என்னிடம் வருகிறார்கள். அந்தக் கட்டம் வந்ததும், "என்ன எழுத, அன்ரி?" என்று கேட்பேன். சொல்வதை அப்படியே எழுதுவேன். போன கிழமை மன்னாரிலிருந்து வந்த ஒருவர், "நீயே பாத்து நல்லதா ஒண்டு எழுது பிள்ளை," என்றார். பேனையை அவரிடமே நீட்டினேன். அவருக்குச் சிங்களம் எழுதத் தெரியாது. இருவரும் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.