கோப்பிமுனிக்கு வைத்த முதல் விளக்கு

ஹந்தானை, மேல் லயம்
ஆடி மாதம், புதன்கிழமை

அன்பு மகள் யசோதாவுக்கு அம்மா பேச்சியம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி சந்திரிகா கையால் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே வெயிலில் காயும் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று விடிந்ததும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நீ கிரீஸ் நாட்டிலிருந்து போட்ட கடிதமும் படமும் கிடைத்தது. குழிக்குள் ஓலைத்தொப்பி போட்டு உட்கார்ந்து சின்னப் பிரஷ்ஷால் பானை ஓட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய், முகம் கறுத்துப்போயிருக்கிறது. லய வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டு இரத்தினம்மா பார்த்துவிட்டு, "கெம்பஸ் வரைக்கும் படிச்சும் ஒம் மகளுக்கு மண்ணுலதான் வேலையா, அதுக்கு இங்கயே தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சிருக்கலாமே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் படத்தை அவள் கையில் அதிக நேரம் விடவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி, நான் கட்டிக்கொடுத்த சம்பல் தூளைக் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடாதே. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. தேயிலைக் கொழுந்து மழையில் நன்றாக வருகிறது, அட்டைக் கடிதான் தொல்லை.

சந்திரிகா உன் கடிதத்தை வாசித்துக்கொண்டு வரும்போது ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். வகுப்பு முடிகிற வாரத்தில் ஆளுக்கு ஒருவராகத் தங்கள் ஊரைப் பற்றிப் பேச வேண்டும், நான் தேயிலைக்கு முந்தின நம் கோப்பிக் காலத்துக் கல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன், கேட்டதும் இங்கே தோண்டக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியர் எழுந்து வந்து கையைப் பிடித்தார், ஊருக்கு வந்ததும் பேராதனைக் கெம்பஸிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து முறைப்படி எடுப்போம் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். அந்தக் கல் இப்போது நீ விட்ட இடத்தில் இல்லை மகளே. அதற்கு முதல் காரணம் நான்.

நீ போவதற்கு முன்னால் நம் மரக்கறித் தோட்டத்து மேட்டில், இடிந்த பழைய லயத்துப் பக்கம், நூல் கட்டிச் சதுரமாகத் தோண்டினாய். கல் சாய்ந்து கிடந்தது, பாதி மண்ணுக்குள். ஓரத்தில் எழுத்து வெட்டின மாதிரித் தடம் தெரிகிறது, ஆனால் இப்போது கிளறக்கூடாது, அது எப்படிக் கிடக்கிறது, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதும் சேர்ந்துதான் கதை சொல்லும், ஒரு பானை ஓட்டுத் துண்டைக்கூட நகர்த்தாதீர்கள் என்று சொல்லிச் சாக்கால் மூடிவிட்டுப் போனாய். "நம்ம ஆளுங்க இந்த மலைக்கு வந்து எத்தன தலமொற ஆச்சு, ஒருத்தர் பேருகூட எந்தக் கல்லுலயும் இல்லம்மா, இதுல இருந்தா அதுதான் மொதல் பேரு" என்று நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மறந்து செய்யவில்லை, நினைவோடுதான் செய்தேன்.

நீ போய் வெகு நாளாகக் கடிதம் வரவில்லை. ரேடியோவில் அந்த நாட்டுக் காட்டில் நெருப்பு என்று சொன்னார்கள். மாரியம்மன் கோயிலுக்கு இறங்கிப் போக முடியாத மழை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மேட்டுக்குப் போய்ச் சாக்கைக் கொஞ்சம் விலக்கி, கல்லின் தலையில் ஒரு செம்பரத்தம்பூ வைத்து ஒரு விளக்கு ஏற்றினேன். என் பிள்ளை கண்டெடுத்த கல், என் பிள்ளையை அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மறுநாளே உன் முதல் கடிதம் வந்தது. நன்றி சொல்லாமல் இருக்கலாமா, மஞ்சளும் எண்ணெயும் கொண்டுபோனேன். அதை இரத்தினம்மா பார்த்துவிட்டாள். அவள் பேத்திக்கு விடாத காய்ச்சல், அவளும் ஒரு விளக்கு வைத்தாள், காய்ச்சல் விட்டது. அதற்குப் பிறகு லயத்துச் சனமே மேட்டில்தான்.

ஆடி முதல் வெள்ளியில் பூசாரி முத்துலிங்கத்துக்குச் சாமி வந்துவிட்டது. "நான் கோப்பிமுனிடா, இத்தன காலமா மண்ணுக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கேன், எனக்கு எடம் குடுங்கடா" என்று ஆடினார். ஞாயிற்றுக்கிழமை ஆம்பிளைகள் அலவாங்கு போட்டுக் கல்லை நெம்பினார்கள். கூடக் கிடந்த ஓடெல்லாம் மண்வெட்டியோடு போனது, குழியை மூடி மிதித்தார்கள். நான் ஓடிப்போய், மகள் வரட்டும், அதுவரைக்கும் பொறுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தோட்டத் தலைவர் அழகமுத்து, "ஏன் பேச்சியம்மா, ஒம் மக அந்தப் பக்கம் சாமியெல்லாம் கல்லுன்னு தோண்டி எடுக்குது, இங்க கல்லு சாமியா எந்திரிச்சு வந்தா வேணாங்கிறியே, மொதல்ல வெளக்கு வச்சதே நீதானே" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சீமெந்து குழைத்தது உன் அப்பாதான். லயமே நிற்கும்போது நான் மட்டும் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்கிறார். அவர் மேல் கோபப்படாதே. சந்திரிகாவும் அங்கேதான் நின்றாள், அக்கா சொல்லிவிட்டுப் போனதை நீயாவது விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று வந்து திட்டினேன். இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டாள், எழுது என்று சொல்லி எழுத வைக்கிறேன்.

இப்போது கல் சீமெந்து மேடையில் நிற்கிறது, மேலே தகரம், சுற்றி வேலி. முனி என்பதால் பொம்பிளைகள் உள்ளே போகக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் சுருட்டும் சாராயமும் வைத்துக் கோழி அறுக்கிறார்கள். முதல் விளக்கு வைத்தவள் நான் வேலிக்கு வெளியே நிற்கிறேன். உனக்குச் செய்ததை யாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை, நின்று அந்தக் கல்லிடமே கேட்டுவிட்டு வருகிறேன்.

உனக்கு முன்னாலேயே தெரியட்டும் என்றுதான் எழுதச் சொன்னேன், அத்தனை பேர் முன்னால் நீ பேசிவிட்டு, பிறகு இங்கே வந்து வெறும் மேட்டைப் பார்த்து நிற்கக்கூடாது. என்னைத் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. குழிக்குள் இறங்கும்போது பார்த்து இறங்கு. திரும்பி வரும் நாளைத் தெரியப்படுத்து, அப்பா கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வருவார். நீ தொட்டதெல்லாம் துலங்கி, நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா
பேச்சியம்மா

அக்கா, இனி எழுதுவது நான் மட்டும். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட்டார். அம்மா திட்டியது சரிதான், எனக்கு அங்கே வாய் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் என்ன சொல்வேன், நீ சொன்ன மாதிரி எனக்குச் சொல்லவும் தெரியாது. ஆனால் ஒன்று செய்தேன். கல்லைப் படுக்கப் போட்டுவிட்டு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். சீமெந்துக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரை ஊற்றி, நீ படத்தில் துடைக்கிற மாதிரி, என் தாவணியால் மெதுவாகத் துடைத்தேன். அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது அக்கா. எழுதப் பழகாத கை வெட்டினது மாதிரி, ஒன்று பெரிது ஒன்று சிறிது. விரலை வைத்து வைத்துப் படித்தேன். பாவாயி என்று இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக இன்னும் ஏதோ இருந்தது, அதைப் படிப்பதற்குள் வந்துவிட்டார்கள். "பொம்பளப் புள்ள இங்க என்ன செய்ற, தள்ளி நில்லு" என்று பூசாரி சத்தம் போட்டார். தள்ளி நின்றேன். எழுத்து இருந்த பக்கத்தைத்தான் சீமெந்துக்குள் இறக்கினார்கள்.

நான் தப்பாகப் படிக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்த்துவிட்டேன், அது ஒரு பொம்பிளையின் பேர்தான். அவளுக்குத்தான் சுருட்டு வைக்கிறார்கள், அவளிடம் போகக்கூடாது என்றுதான் எங்களை நிறுத்துகிறார்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அம்மாவுக்கு இன்னும் மனது கஷ்டப்படும். வந்ததும் நீயே சொல், உன் வாயால் சொன்னால் கேட்பார்கள்.

கல் கிடந்த விதத்தை இனி நீ யாருக்கும் காட்ட முடியாது, அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. ஆனாலும் நீ பேசாமல் இருந்துவிடாதே. அங்கே நீ பேசும் மேடையில் ஏறி அவள் பேரை ஒரு தரம் சத்தமாகச் சொல். இங்கே எல்லாரும் முனியப்பா என்று கூப்பிடும்போது, வேலிக்கு வெளியே அம்மா பக்கத்தில் நின்று நான் மட்டும் பாவாயி என்கிறேன், எனக்கே கேட்காத மாதிரி.

உன் தங்கச்சி
சந்திரிகா