கடைசி பெஞ்சு

மார்ச் 4, செவ்வாய்

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நான்கு வாரம் ஒரு சொல் பேசக்கூடாது. பாட்டு திரும்புமா என்று எழுதிக் காட்டினேன். பேச்சு வந்துவிடும், பாட்டுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பத்தொன்பது வருடமாக ஆலயப் பாடகர் குழுவில் முதல் குரல் நான் — இனி?

வாயாடிக்கு வாய்ப்பூட்டு என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். குரல் வரட்டும், இருக்கிறது அவருக்கு.

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் வந்துவிட்டாள். காலை முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, நேராக இங்கே வந்து எனக்கு சூப் வைக்கிறாள். கூடவே பாட்டு வேறு. சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். காதைப் பொத்திக்கொண்டேன்.

மார்ச் 7

இன்றும் பாடினாள்.

மார்ச் 12, புதன்

மனசு அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் அவளைக் குழுவிலிருந்து எடுக்கச் சொன்னது நான்தான். ஒரு கட்டைக் குரல் மொத்தப் பாட்டையும் கெடுக்கிறது என்று குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். மறு ஞாயிறே அவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். சொன்னது யாரென்று அவளுக்குத் தெரியாது என்றே இருந்துவிட்டேன்.

இன்று சிலேட்டில் எழுதி நீட்டினேன்: உன்னைப் போகச் சொன்னது நான்.

கரண்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தெரியும் அண்ணி, அன்னிக்கே தெரியும். ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் யோசிச்சேன், நான் யாருக்குப் பாடுறேன்? ஆண்டவர் என்னைப் போகச் சொல்லலையே. அதோட நிம்மதியாயிட்டேன்."

ஐயோ, எப்பேர்ப்பட்ட மனசு இவளுக்கு! ஆறு வருடத்தில் ஒரு முகச்சுளிப்பு உண்டா? முதல் வரிசையில் நின்ற எனக்கோ, எவளாவது என்னை மிஞ்சிவிடுவாளோ என்ற பயமில்லாத ஒரு ஞாயிறுகூட இருந்ததில்லை.

மார்ச் 20, வியாழன்

குரலைத் தா என்று இன்று ஜெபிக்கவில்லை. வேறென்ன கேட்பதென்றும் தெரியவில்லை. சும்மா ஆண்டவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

வாய் திறந்தேன். பேச்சு வருகிறது. மேல் சுரம் வரவில்லை. இனி வராது என்றார் மருத்துவர். அழுதேன், பொய் சொல்வானேன். நாத்தனாரும் கூட அழுதாள், பிறகு சூப் வைத்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் குழு அங்கியை நாத்தனாரே இஸ்திரி போட்டுத் தந்தாள். இனி முதல் குரல் பாடப்போகும் தபால்காரர் மகளிடம் அதைக் கொடுத்துவிட்டேன். என் இடத்தில் நின்று நன்றாகத்தான் பாடினாள் அந்தப் பெண். பொறாமை வருமென்று பார்த்தேன், வரவில்லை.

கடைசி பெஞ்சில் நாத்தனார் நகர்ந்து இடம் விட்டு, பாட்டுப் புத்தகத்தின் ஒரு ஓரத்தை என் கையில் பிடிக்கக் கொடுத்தாள். என் குரல் இப்போது அவளுடையதைவிடக் கட்டை. மூன்றாம் சரணத்தில் முன் பெஞ்சுக்காரர் திரும்பி முறைத்தார்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன்.